நீலம் கலந்த கரி

கறுப்பு மை கறுப்பாக இருக்காது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கரியை நுணுக்கிச் செய்த மையில் போட்டோவை அச்சிட்டால், கறுப்புக்குள் ஒரு பழுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். காப்பி டிகாக்‌ஷனில் இருக்குமே, அந்த மாதிரி. காவலூர் போகும் மலைச் சாலையில் ஒரு வாடகை வீட்டில் பிரிண்டரோடு குடியிருக்கும் எனக்கு அந்தப் பழுப்பின் மேல் கொஞ்சம் திமிரே உண்டு. துளி நீலம் கலந்து அதைப் போக்கித் தரச் சொன்னவர்களை வேறு ஆளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், நெல்லிவாசல் பக்கத்திலிருந்து ஷேர் ஜீப் பிடித்து ஒரு பெண் வந்தாள். அதற்கு முந்தின வருஷம் அவர்கள் ஊர்ச் சாமைக் களத்தில் நான் எடுத்த படங்களில் அவள் புருஷனும் இருந்தான். அந்த அறுப்பு முடிந்ததும் ஒரு மேஸ்திரியோடு வெளியூர் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. பாதி வழியிலேயே இறங்கிப் போய்விட்டான் என்று மேஸ்திரி சொன்னாராம். போனும் எடுக்கவில்லை. காரியம் செய்து முடித்துவிடலாம் என்று பங்காளிகள் நெருக்க, இவள் முடியாது என்று நின்றாள். வீட்டில் மாட்ட அவனுடைய பெரிய படம் வேண்டும் என்றாள். ஆதார் அட்டையில் இருக்கிற முகம் அவனுடையது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

நான் உருகிப்போனேன். உருகினவன் அவளிடம் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூன்று நாள் மெனக்கெட்டு, சுத்தக் கரியில், என்னிடம் இருந்ததிலேயே பழுப்பு தூக்கலாக வரும் தாளில் அச்சிட்டேன். மலை வெயிலில் உழைத்த தோலுக்கு இதைவிடப் பொருத்தமான நிறம் கிடையாது என்று ஒரே பெருமை.

அடுத்த வாரம் வந்தவள் படத்தைப் பார்த்ததும், வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

“இன்னா சார், செத்தவங்க படமாட்டம் பண்ணிட்டீங்க?”

எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. நூறு வருஷம் ஆனாலும் கரி மாறாது என்று பாடம் நடத்த ஆரம்பித்தேன். முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு அவள் சொன்னாள். அவர்கள் ஊரில் சுவரில் பழுப்பேறித் தொங்குவதெல்லாம் போய்ச் சேர்ந்தவர்களின் படங்கள். இதைக் கொண்டுபோய் மாட்டினால், அவளே ஒத்துக்கொண்டதாக வைத்துப் பங்காளிகள் மறுநாளே காரியத்துக்கு நாள் குறித்துவிடுவார்கள். நெற்றியில் குங்குமத்தோடு அவள் நின்ற நிலையைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பங்காளிகள் மாதக்கணக்கில் சொல்லியும் நடக்காததை, நான் மூன்றே நாளில் ரசித்துச் செய்து வைத்திருந்தேன்.

அன்றைக்கே நீலம் கலந்தேன். ஒவ்வொரு தாளையும் வாசல் வெளிச்சத்தில் அவளிடம் காட்டினேன். ஐந்தாவதில்தான் பழுப்பு போயிற்று. நேற்று எடுத்த படம் போல அதில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

மறைக்க மனசு வரவில்லை. நீலம் கரியைப் போல நிலைக்காது, வெளிச்சம் படப்பட வெளுத்து, கடைசியில் கரியின் பழுப்பே திரும்ப வந்துவிடும் என்றேன்.

“எத்தினி வருசம் நிக்கும்?”

சுமார் நாலைந்து வருஷம் நிற்கும் என்றேன்.

“போதுங்க சார். அதுக்குள்ள வந்துடுவாரு.”

போன வாரம் மறுபடி வந்தாள். துண்டில் சுற்றியிருந்த படத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். கன்னத்திலும் கழுத்திலும் பழுப்பு ஏறியிருந்தது. பங்காளிகள் கண்ணில் படுவதற்குள் இன்னொன்று போட்டுத் தரும்படி கேட்டாள். அவன் வந்துவிடுவான் என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை. எத்தனை வருஷம் நிற்கும் என்று நானும் சொல்லவில்லை. நீலத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே விட்டேன்.