யூஜினியின் பைன்ட்

"வருசத்தைச் சொல்லுங்கோ" என்கிறார் யூஜினி, கையிலிருக்கும் கிளாஸைத் துடைத்துக்கொண்டே.

"தொண்ணூற்றஞ்சு" என்கிறார் பாருக்கு எதிரே உயரக் கதிரையில் இருக்கும் வாடிக்கையாளர் ஜூலியஸ்.

"பிட்டர் பியர் ஒரு பைன்ட் ஒரு பவுண் எழுபது. லாகர் எண்டால் பதினைஞ்சு பென்ஸ் கூட. செலீன் பிறந்த வருசம்."

செலீன் யூஜினியின் மகள். இப்போது ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் விட்பியில் வீடு வாங்கிக் குடியிருக்கிறாள். மகளின் பிறந்த நாள் சில வேளை யூஜினிக்கு மறந்துபோகும். அந்த வருடத்துப் பியர் விலை ஒருநாளும் மறந்ததில்லை.

ஊர்காவற்றுறையிலிருந்து எண்பத்தெட்டில் லண்டனுக்குப் போனபோது யூஜினி இருபத்திரண்டு வயதுப் பெண். கிழக்கு லண்டனில் ஒரு பப்பில் மேசை துடைக்கும் வேலைதான் முதலில் கிடைத்தது. ஆறாம் மாதம், கையெழுத்து அழகாக இருக்கிறது என்று முதலாளி சோக்கைக் கையில் கொடுத்து விலைப் பலகையை எழுதச் சொன்னார். அன்று எழுதியது தொண்ணூற்றெட்டு பென்ஸ். ஒரு பவுணைத் தாண்டிய நாளில் பலகைக்கு முன்னால் பத்துப் பேர் நின்று, செத்த வீட்டில் நிற்பதுபோலத் தொப்பியைக் கழற்றினார்களாம். "பகிடிக்குத்தான் செய்தவை. ஆனால் ரெண்டு பேருக்கு உண்மையாவே கண் கலங்கிப்போச்சு" என்பார்.

பதினைந்து வருடம் அந்தப் பலகையை அழித்து அழித்து எழுதியதில் விலையும் வாழ்க்கையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கனடாவுக்குக் குடிவந்த பிறகும் அது மாறவில்லை. போன வருடம் கோயிலில் ஏதோ படிவம் நிரப்பும்போது, கலியாணம் முடித்த வருடத்தைப் பாதர் கேட்டிருக்கிறார். "ஒரு பவுண் முப்பது" என்று யூஜினியின் வாயிலிருந்து வந்துவிட்டது. பாதர் அதைக் காணிக்கை என்று நினைத்து நன்றி சொன்னார்.

இத்தனைக்கும் அவர் குடிப்பதில்லை. "எனக்கு மணமே போதும்" என்பார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தம்பியைப் பார்க்க லண்டனுக்குப் போனால், விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஏதாவது ஒரு பப்புக்குள் நுழைந்து விலையை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வருவார். தம்பி காரில் காத்திருப்பான். போன தடவை முகம் வெளிறி வந்தார். "ஏழு பவுணடா! நான் வந்த காலத்திலை உந்தக் காசுக்கு ஏழு பேர் குடிச்சிருப்பினம்."

ரொறன்ரோவில் அவர் வேலை செய்வது கென்னடி வீதியிலுள்ள 'கிரே ஹெரன்' என்ற ஆங்கிலேய பாணிப் பப்பில். முதலாளி பிரவீண் கோயம்புத்தூர்க்காரர். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் முன்பு இதை வாங்கியவர். யூஜினி அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு யூஜினி அக்கா. இருவருக்கும் ஒத்துப்போகாதது ஒரே ஒருமுறைதான் நடந்தது. அது இந்த மார்கழியில்.

ஒரு செவ்வாய் மதியம் பெட்டி பெட்டியாகப் புதுக் கிளாஸ்கள் வந்து இறங்கின. பழையதன் அதே உயரம், அதே வளைவு. அடிப்பாகம் மட்டும் இரண்டு விரல் தடிப்பு. யூஜினி ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு பழைய கிளாஸில் தண்ணீரை நிரப்பிப் புதியதில் ஊற்றினார். புதியது நிரம்பி வழிந்தது. பழையதில் இன்னும் நாலு மிடறு மிச்சம் இருந்தது.

"என்ன தம்பி உது?"

"பதினாறு அவுன்ஸ்க்கா. பார்க்க அப்படியே இருக்குல்ல? வாடகை ஏத்திட்டாங்க, பீர் பேரல் விலையும் ஏறிடுச்சு. போர்டுல நாம எதையும் மாத்த வேண்டாம். பைன்ட், ஒன்பது டாலர். அப்படியே இருக்கட்டும்."

"இருபது அவுன்ஸ் இல்லாட்டில் அது பைன்ட் இல்லைத் தம்பி."

"யாருக்குக்கா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

பிரவீண் சிரித்தார். யூஜினி சிரிக்கவில்லை. அன்றைக்குப் பலகையைப் புதிதாக எழுத வேண்டிய நாள். பைன்ட் என்ற சொல்லைத் தான் எழுத மாட்டேன் என்றார். "விலையைக் கூட்டுங்கோ, எழுதித் தாறன். எத்தினையோ தரம் கூட்டி எழுதினனான். ஒரு கிழமை திட்டிப் பேசுவினம், பிறகு வந்து அதே கதிரையிலை இருப்பினம். ஏமாத்தினது தெரிஞ்சால் ஒண்டும் பேச மாட்டினம் தம்பி. வரவும் மாட்டினம்."

"இது என் கடைக்கா" என்றார் பிரவீண். குரல் உயரவில்லை, ஆனால் முகம் சிவந்திருந்தது. "எழுத முடியலன்னா, எழுதுற ஆளை நான் பார்த்துக்கிறேன்."

யூஜினி சோக்கை வைத்துவிட்டுக் குளிரங்கியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பஸ்ஸில் இருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. அறுபதை எட்டப்போகும் வயதில் யார் வேலை தருவார்கள்? செலீனுக்குப் போன் எடுத்தார். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் பியர். அவர் ஓனர், அவரிட்டை விடுங்கோ" என்றாள் அவள். "ஓம், பியர்தான்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போவதா வேண்டாமா என்று கதவடியில் நின்று யோசித்து, வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே என்று போனார்.

பிரவீண் அவருக்கு முன்பே வந்து பாரில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பழைய கிளாஸும் புதிய கிளாஸும்.

"நேத்து சாயந்திரம் ஜூலியஸ் அங்கிளுக்குப் புதுசுல ஊத்திக் கொடுத்தேன்" என்றார். "வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பார்த்தார். அடியில விரலை வெச்சுப் பார்த்தார். எதுவும் சொல்லல. குடிச்சிட்டுக் காசை வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டார்."

"மூண்டு குடிக்கிற மனுசன்."

"ஆமாக்கா. ஒண்ணோட போயிட்டார்."

யூஜினி குளிரங்கியைக் கழற்றி மாட்டினார். பிரவீண் சற்று நேரம் கவுண்டரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு ஏத்தலாம்?" என்று கடைசியில் கேட்டார், வேறு எங்கோ பார்த்தபடி.

"ஒண்டேகால் டொலர். ஒரேயடியாக் கூட்டுங்கோ. பத்துச் சதம் பத்துச் சதமாக் கூட்டினால் ஒவ்வொரு முறையும் பேச்சு வாங்கவேணும்."

"இந்தக் கிளாஸெல்லாம்?"

"சின்னப் பிள்ளையளுக்கு ஜூஸ் குடுக்கலாம். நல்ல பாரம், தட்டி விழுத்த மாட்டுதுகள்."

யூஜினி எழுதினார்: பைன்ட், பத்து டொலர் இருபத்தைந்து.

பின்னேரம் ஜூலியஸ் வந்தார். உட்காராமல் பலகையைப் பார்த்தார். "என்ன யூஜினி, கொள்ளையடிக்கிறியளோ?"

"ஓம் அண்ணை, பகிரங்கமா."

"லண்டனிலை கூட உப்பிடி ஒரேயடியாக் கூட்ட மாட்டாங்கள். நான் இனி வீட்டிலை இருந்து தேத்தண்ணி குடிக்கப்போறன்" என்று இன்னும் ஏதேதோ சொல்லிக்கொண்டே ஜாக்கெட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டு ஏறி அமர்ந்தார். சமையலறை வாசலிலிருந்து பிரவீண் எட்டிப் பார்த்தார்.

யூஜினி பழைய கிளாஸொன்றைச் சரித்துப் பிடித்துக் குழாயை இழுத்தார். பியர் ஏறியது, நுரை விளிம்பைத் தொட்டது. ஜூலியஸ் கையை நீட்டினார். யூஜினி கொடுக்கவில்லை. நுரை அடங்கும்வரை காத்திருந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கண்ணைக் கிளாஸின் விளிம்புக்கு நேரே கொண்டுவந்து பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மிடறு ஊற்றினார்.