கவ்வாத்துக் கத்தியும் ஃப்ரீசர் ஐஸும்

எங்கள் லயத்து வரிசை வீட்டில் பிரிட்ஜும் விறகடுப்பும் ஒரே குசினியில்தான். பிரிட்ஜின் கீழே இருக்கும் ஃப்ரீசரில் ஐஸ் இறுகி, தட்டை இழுக்கவே முடியவில்லை.

தேயிலை மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் குட்டையாக்கும் என் வீட்டுக்காரர், அந்தக் கத்தியோடு ஃப்ரீசர் முன்னால் குந்திவிட்டார்.

"சுடுதண்ணி வைக்கிறேன், பொறுங்க."

"தேயிலக் கட்டையவே ஒரே வெட்டுல சாய்க்கிறேன். இது என்னா?"

இரண்டு கொத்துதான். உள்ளே குழாய் ஓட்டையாகி 'உஸ்ஸ்' என்றது. என்ன தோன்றியதோ, கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையை அப்படியே அடுப்பில் கவிழ்த்து நெருப்பை அணைத்தேன்.

"சோத்தக் கொட்டிட்டியே!" என்று கத்தினவரையும் வெளியே இழுத்துப்போனேன்.

பிறகு கொட்டகலையிலிருந்து வந்த மெக்கானிக் குழாயைச் சரிசெய்துவிட்டு, பிரிட்ஜின் பின்னால் ஒட்டியிருந்த நெருப்புப் படத்தைக் காட்டினார். குழாயிலிருந்து கசிந்த கேஸ் தீப்பிடிக்குமாம்.

இப்போதெல்லாம் ஐஸ் இறுகினால் பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்துவைத்து, அது தானாகக் கரையும்வரை காத்திருக்கிறோம். ஆனாலும் அவர் பிரிட்ஜ் முன்னால் குந்தினால், என் கண் முதலில் கத்தியைத்தான் தேடுகிறது.