சூளை குளிர்ந்த வாரம்

கரி விற்கிற தொழிலில் கை கறுப்பதெல்லாம் சோப்புப் போட்டால் போய்விடும். துவாக்குடிப் பக்கம் ஒரு நிலக்கரி டிப்போவில் நான் மானேஜர். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் கரியைச் செங்கல் சூளைகளுக்கு அனுப்புவது வேலை. உங்களில் யாராவது கடல் தாண்டி வரும் சரக்கை நம்பிப் பிழைத்திருந்தால், மீதியைச் சொல்லாமலே புரியும்.

தானாக வரும் புகை

கரி குவிந்து கிடந்தால் உள்ளே தானே சூடேறும். மழை விட்ட ஒரு காலையில், யாரும் தீ வைக்காத குவியலின் உச்சியில் நூல் மாதிரிப் புகை. தண்ணீர் அடித்தோம், அந்தப் பக்கம் அடங்கி இந்தப் பக்கம் கிளம்பியது. லாரி ஓட்டும் காஜா பாய் பத்தடி தள்ளியே நின்றார்.

"இவ்வளவு கடல் தாண்டி வந்தும் இதுக்கு மூச்சு நிக்கலையே, மேடம்."

மஞ்சள் ஹெல்மெட்

அந்தக் குவியலைக் கிளறியபோதுதான் சுரங்கத் தொழிலாளி போடும் ஹெல்மெட் ஒன்று வந்தது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. உள்ளே பேனாவால் எழுதிய பெயர், எங்களுக்குத் தெரியாத எழுத்தில். கழுவி ஆபீஸ் ஜன்னலில் வைத்தேன். தூக்கிப் போட மனசு வரவில்லை. அதற்கு முதுகு காட்டி உட்காரவும் முடியாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

முசிறியில் சூளை வைத்திருக்கும் செல்வராஜ் அண்ணன் லோடு எடுக்க வந்தார். அதை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தவர், மெல்லக் கேட்டார்.

"இது வந்துடுச்சு. தலை எங்கம்மா?"

ஏஜென்ட்

அடுத்த கப்பல் வரவில்லை. துறைமுக ஏஜென்டுக்குப் போன் செய்தேன். எங்களுக்குக் கரி வரும் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்துவிட்டதாம். மற்ற ஊர்களில் இருக்கிற கரியையும் பெரிய நாடுகள் கூடுதல் விலைக்கு அள்ளிக்கொண்டு போகின்றனவாம். "உள்ளே ஆள் இருந்தாங்களா?" என்றேன். மெயிலை இன்னொரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஆளைப் பத்தி மெயில்ல ஒண்ணும் வரலைங்க."

முசிறியில் ஒரு மத்தியானம்

சூளைத் தீயை சீசன் முடியும்வரை அணைய விடமாட்டார்கள். செல்வராஜ் அண்ணன் விறகு போட்டார், முந்திரிக்கொட்டை ஓடு போட்டார். தீ இறங்கிக்கொண்டே போனது. கரி இல்லை என்பதை நேரில் பார்த்துச் சொல்வதுதான் மரியாதை என்று நான் போனபோது, புகைபோக்கியில் புகை இல்லை. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் மூட்டை கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தன. ஒரு குழந்தைகூட அழவில்லை.

சூளையின் மேல் நின்று கரி போடுகிறவர் மூக்கன். சூடு தாங்காமல் கட்டைச் செருப்புப் போட்டு நடக்கிற இடம் அது. என்னையும் மேலே ஏறி வரச் சொன்னார். வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்.

"பதினெட்டு வருஷமா இதும்மேல நிக்கிறேன். கால் சில்லுன்னு இருக்குங்க. பொணத்து மேல நிக்கிற மாதிரி இருக்கு."

வேறு கப்பல்

பாதி வெந்த கல்லெல்லாம் பள்ளம் நிரப்பத்தான் போயிற்று. குடும்பங்கள் பஸ் ஏறின, மூக்கனும் போய்விட்டார். பல வாரம் கழித்து வேறொரு நாட்டுக் கரி வந்தது. செல்வராஜ் அண்ணன் ஒரு கட்டியை எடுத்துக் காதருகே வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"எந்த ஊர்ல தோண்டுனதுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாதம்மா."

தரம், ஈரம், எடை எல்லாம் குறிக்க எங்கள் ரசீதில் கட்டம் இருக்கிறது. அவர் சொல்ல வேண்டாம் என்ற ஊர்ப் பெயருக்கு மட்டும் கட்டம் இல்லை என்பதில் எனக்கும் ஒரு நிம்மதி.