தாராளக்காவின் பாஸ்வேர்ட்

எங்கள் விடுதியில் அவளுக்குத் தாராளக்கா என்று பெயர். வைத்தது வேறு யாருமில்லை, அவளை உறிஞ்சிக் குடித்த கூட்டம்தான். லாரி ஓட்டுநரின் மூத்த மகள். குளத்துப் பாசியைக் கண்ணாடிப் புட்டிகளில் வளர்த்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்ல வாய் வராது. சோப்பு போகும், குடை போகும், தலைவலி மாத்திரை போகும். ஒன்றும் திரும்பி வராது.

பல்கலைக்கழக வைஃபையில் மற்ற மாணவிகளுக்கு மாதம் இவ்வளவுதான் என்று அளவு உண்டு. ஆராய்ச்சி மாணவிகளுக்குக் கிடையாது. போதாதா? மாடி முழுக்க அவள் ஐடியில்தான் படம் பார்த்தது. தங்கை பெயரும் பிறந்த வருடமும்தான் பாஸ்வேர்ட். குளியலறை வாசலில் நின்று ஒருத்தி கத்திக் கேட்பாள், இவள் அறையிலிருந்து கத்திச் சொல்வாள். மின்னஞ்சலுக்கும் அதேதான்.

"அதையாவது மாத்தித் தொலைக்கா" என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

"நம்ம பிள்ளைங்கதானே, விடுடி" என்பாள்.

அந்த நம்ம பிள்ளைகளில் ஒருத்தி அவள் மின்னஞ்சலுக்குள் புகுந்து, அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கு ஒரு கடிதம் அனுப்பினாள். அதில் இருந்ததை இங்கே எழுத என் கை கூசுகிறது. சாக்கடை. ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். பேனாவை மூடிவிட்டார்.

விசாரணையில் நெட்வொர்க் அதிகாரி சொன்னார்: "உங்க ஐடி, உங்க பாஸ்வேர்ட், உங்க விடுதி வைஃபை. வேற யாரோ செஞ்சாங்கன்னா, நானும் இந்த ஐடிலதான் போனேன்னு ஒருத்தராவது வந்து சொல்லட்டும்."

"வந்தா நான் கையெழுத்துப் போடறேன்" என்றார் பேராசிரியர்.

நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க அந்த ஐடில போனீங்களா?" என்றார்கள். இல்லை. "அப்போ உக்காருங்க. ரூம்மேட் இப்படித்தான் பேசுவாங்க."

அன்று சாப்பாட்டு அறையில் அக்கா எல்லோர் முன்னாலும் நின்றாள். "யார் எழுதினான்னு நான் கேக்கல. என் ஐடில போனோம்னு ஒரே ஒருத்தி வந்து சொல்லுங்கம்மா, போதும்."

ஒரு தலையும் தட்டிலிருந்து நிமிரவில்லை. மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்கெதுக்குக்கா வம்பு? எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரு" என்றாள் பக்கத்து அறைக்காரி.

"ஏண்டி, விடிய விடியப் படம் பார்த்தப்போ உங்கப்பா எங்க போயிருந்தாரு? தூ!" என்றேன். அதற்கும் ஒருத்தி சிரித்தாள்.

ஒருத்தியும் வரவில்லை. ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போனது. வேலைக்கு அழைத்திருந்த கல்லூரி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. அப்பாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோதுகூட அக்கா அழவில்லை. உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினாள். வைஃபைக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு வேறொன்று. என்னைக்கூடத் திரும்பி உட்காரச் சொன்னாள். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

மறுநாளே கதவு தட்டப்பட்டது. பக்கத்து அறைக்காரி, கையில் போனோடு நின்றாள்.

"அக்கா, பழைய பாஸ்வேர்ட் போகமாட்டேங்குது. மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன். இனிமே யாருக்கும் கிடையாது."

அவள் போய்விட்டாள். நடையில் யாரிடமோ சொன்னது நன்றாகவே கேட்டது: "தாராளக்காவாம்! சரியான கஞ்சம்டி."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

"நான் கஞ்சமாடி?" என்று என்னைக் கேட்டாள்.