பெரியப்பா கேட்ட ரோஜா நிறம்

என் தங்கச்சி சுவருக்கு வெள்ளையடிக்கிறவள். ஏணியில் ஏறிவிட்டால் இறங்க மனசு வராது அவளுக்கு. மிச்ச நேரத்தில் அங்கேயே எதையாவது வரைந்துகொண்டிருப்பாள். கடைக் கலர் அவளுக்கு ஆகாது. மேட்டு நிலத்துச் செம்மண், ஓடைக்கரை மஞ்சள் மண், அடுப்புக்கரி எல்லாவற்றையும் கல்லில் அரைத்து, துணியில் வடிகட்டி, பசை சேர்த்துப் பூசுவாள். பூசினால் பூசினதுதான், அசையாது.

கோயில் பீடத்துக்குப் பின்சுவரில், திரை கட்டி மறைத்துக்கொண்டு அவள் வரைந்ததைச் சொல்கிறேன். இயேசு சாமி சீடர்களோடு விளைந்த வயலில் நடந்து வருகிறார். பசி தாங்காத ஒரு சீடர் கதிரைக் கசக்கித் தின்கிறார். அது எங்கள் வயல். கன்றுக்குட்டி படுத்த மாதிரி இருக்கும் பாறைகூட அப்படியே இருந்தது.

"அவரு நடந்தா நம்ம வரப்புலதான்க்கா நடப்பாரு" என்பாள். முழங்கால் போட்டு ஜெபம் சொல்லாமல் ஒரு நாளும் தூரிகையைத் தொட்டதில்லை.

படத்தைத் திறந்துவைக்க ஆயர் வந்தார். திரையை விலக்கி, அடியில் எழுதியிருந்த பெயரை வாசித்தார். எங்கள் பெரியப்பா மகன் பெயர். அவன் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். பெரியப்பாதான் கோயில் கமிட்டித் தலைவர். மாலை அவன் கழுத்தில் விழுந்தது. என் தங்கச்சி சுண்ணாம்புக் கையோடு பின்னால் நின்றாள்.

நான் சண்டைக்குப் போனேன். பெரியப்பா சிரித்தார்.

"வெள்ளையடிக்கிற பொண்ணு பேரைப் பீடத்துல போட முடியுமாம்மா? யாரு வரைஞ்சா என்ன, எல்லாம் ஆண்டவருக்குத்தானே."

"அப்போ ஆண்டவர் பேரையே போட்டிருக்கலாமே பெரியப்பா."

தங்கச்சி அழவில்லை. "இருக்கட்டும்க்கா" என்றாள். அவள் அழுதிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது.

கொஞ்ச நாளில் பெரியப்பாவுக்கு ஓர் ஆசை பிடித்தது. சத்தமில்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"சாமிக்குப் பக்கத்துல இடம் சும்மாதானே கிடக்கு. ஒரு சீடரைப் போட்டு என் மூஞ்சியை வை. மண்ணைக் குழைச்சு அப்பிடாத. நல்ல ரோஜா நிறமா, பளிச்சுன்னு இருக்கணும்."

"பூச்சாறுதான் பளிச்சுன்னு இருக்கும் பெரியப்பா."

"அதையே போடு."

அவர் போனதும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு ரோஷமே இல்லையாடி?"

வேலியில் பூப் பறித்துக்கொண்டே சொன்னாள்: "மண்ணு நிக்கும்க்கா. பூ நிக்காது."

கோயிலில் ஆளில்லாத நேரமாகப் போய், அங்கியை மண்ணில் வரைந்தாள். முகத்தை மட்டும் பூச்சாற்றில். மற்றச் சீடர்கள் வெயிலில் உழைத்தவர்களாக இருக்க, பெரியப்பா மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி ஜொலித்தார். முன் வரிசையில் உட்கார்ந்து, பூசை முழுக்கத் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மேற்கு ஜன்னல் வெயில் நேராக அந்த இடத்தில்தான் விழும். அந்தக் கோடையில் கன்னம் வெளுத்தது. பிறகு மூக்கு. அடுத்த கோடையில் அங்கி மட்டும் நின்றது, கழுத்துக்கு மேலே ஆளில்லை. பிள்ளைகள் 'தலையில்லாச் சீடர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, எல்லாரும் இருக்கும்போதே பங்குச் சாமியார் கேட்டார்: "மாஸ்டர், உங்க படம்தானே, சரிபண்ணிடுங்களேன்."

மாஸ்டர் அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் ஏணியில் ஏறி என்னவோ தீட்டினான். பூசணிக்காய்க்குக் கண் வைத்தது போல வந்தது. பெண்கள் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது.

சாமியாருக்குப் புரிந்துவிட்டது. "நீ வாம்மா" என்று தங்கச்சியைக் கூப்பிட்டார்.

"எனக்கு வெள்ளையடிக்கத்தான் தெரியும் சாமி. வரைஞ்சவங்க பேருதான் கீழயே இருக்கே."

கோயிலே பெரியப்பா பக்கம் திரும்பியது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அவதான் வரைஞ்சா."

"கேக்கல பெரியப்பா" என்றேன் நான்.

"முழுசும் அவதான் வரைஞ்சா."

மாஸ்டர் தன் பெயரைத் தானே சுரண்டினான். தங்கச்சி ஏறி, பூசணிக்காயைத் துடைத்துவிட்டு மண் சட்டியைத் திறந்தாள். முகம் வரும் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவள் வயலை வரைந்தாள். அங்கியின் கழுத்துவரைக்கும் கதிர், அதற்கு மேலே பாறை, வானம். அங்கி நிற்கிறது, உள்ளே ஆள் இல்லை.

சாமியார் தனியாகக் கூப்பிட்டார். "இன்னும் மன்னிக்கலையாம்மா?"

"மன்னிச்சுட்டேன் சாமி. அதுக்காகத் திரும்பவும் வரையணுமா?"

பெரியப்பா இப்போது கடைசி வரிசையில் உட்காருகிறார். அங்கிருந்தும் அந்த அங்கி நன்றாகத் தெரிகிறது. நான் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.