மூன்றாம் பந்தியில் அப்பா சாவார்

எங்கள் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுத்தால் முதல் வேலை, அப்பாவைக் கொல்வது. பேச்சைத் தமிழ் படிப்பிக்கும் சேர் எழுதித் தருவார், நாங்கள் பாடமாக்குவோம். தலைப்பு தாய்மையோ கல்வியோ சுற்றாடலோ, மூன்றாம் பந்தியில் அப்பா குடித்துச் செத்துவிடுவார். நாலாம் பந்தியில் அம்மா பட்டினி கிடப்பாள். ஐந்தாவதில் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனாலும் நாங்கள் எழுவோம்!" என்று வலது கையை உயர்த்த வேண்டும். கை தலைக்கு மேலே போனால் புள்ளி குறையும்.

பதினோராம் வகுப்பில் அந்தப் பேச்சு எனக்குக் கிடைத்தது. என் அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. வெற்றிலைகூடப் போடமாட்டார்.

"எங்கப்பா குடிக்க மாட்டாரு சேர்."

"பேச்சுல குடிக்கட்டும். நீ மாகாணத்துக்குப் போகணுமா, வேணாமா?"

போகத்தான் வேண்டும். வலயத்தில் முதலாவதாக வந்தால்தான் மாகாணப் போட்டி. அந்த ஆசை எனக்குப் பேயாய்ப் பிடித்திருந்தது. லயத்து வரிசை வீடுகளில் வாய் திறந்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்பதால், ரப்பர் மரங்களுக்கு நடுவே நின்று அப்பாவைத் தினமும் இரண்டு முறை கொன்று பழகினேன்.

போட்டியன்று அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. விடியவே எழுந்து கோழிக்கறி வைத்து, எனக்கும் அம்மாவுக்கும் சேருக்கும் சோத்துப் பார்சல் கட்டினார். அம்மாவும் வருவாள் என்று அந்தப் பார்சலைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. ஓப்பநாயக்க பஸ் தரிப்பில் கல்யாணச் சேலையோடு வந்து நின்றாள். பேச்சில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

எனக்கு முன்னால் நாலு பேர் பேசினார்கள். ஒருத்தியின் அப்பாவைக் குளவி கொட்டியது. இன்னொருத்தியின் அப்பா மண்சரிவில் போனார். மூன்றாமவளின் அப்பா கசிப்புச் சாராயத்தில் செத்தார். அந்த அப்பா அப்போது ஜன்னலுக்கு வெளியே நின்று அதைப் போனில் படம்பிடித்துக்கொண்டிருந்தார். நாலாமவள் மட்டும் தன் அப்பா வாலிபால் ஆடுவதைப் பற்றிப் பேசினாள். அவளுக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை.

நான் மேடை ஏறினேன். இரண்டாம் வரிசையில் அம்மா, மடியில் சோத்துப் பை. மூன்றாம் பந்தி வந்தது. அதை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். விட்டால் நேரம் குறையும், புள்ளி போகும். நான் விடவில்லை. அம்மாவின் கை தாலிக்குப் போனது. நாலாம் பந்தியில் அவள் பையை மெல்ல இறக்கி, நாற்காலிக்கு அடியில் காலால் தள்ளினாள்.

பிரதம விருந்தினர் ஒரு சிங்கள அதிகாரி. தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் "அனே, பவ்!" என்று பரிதாபப்பட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு முதலிடம் என்று அறிவித்ததும் சேர் அவரை அம்மாவிடம் கூட்டிப் போய், "இதுதான் அந்தத் தாய்" என்று சிங்களத்தில் சொன்னார். சாப்பிட்டாயா என்று அதிகாரி கேட்டார். அம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. உள்ளதைச் சொல்லியிருக்கலாம். முந்தானையை இழுத்துத் தாலியை மூடிக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினாள். அவர் பசிக்கு ஒரு பணிஸும் பிளேன்டீயும் கொடுக்கச் சொன்னார். அம்மா கும்பிட்டு வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும் பஸ் பெல்மதுளை தாண்டியதும் அம்மா கேட்டாள்.

"என்னயப் பட்டினி போட்டது போவட்டும். அந்த மனுசன ஏன்டி கொன்ன?"

அங்கே வெளியே எடுக்க முடியாமல் போன சோத்துப் பையைத் திறந்து பார்த்தேன். கறி கெட்டுப்போயிருந்தது. இறங்கிய இடத்திலேயே மூன்று பார்சலையும் நாய்களுக்குப் போட்டோம்.

"கறி எப்புடி இருந்துச்சு?" அப்பாவின் முதல் கேள்வி அதுதான்.

"நல்லா இருந்துச்சுங்க. சேர்கூடச் சொன்னாரு" என்றாள் அம்மா.

அப்பா சான்றிதழைக் கை துடைத்துவிட்டு வாங்கினார். பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, "எங்க, அந்தப் பேச்ச ஒரு தடவ பேசிக் காட்டும்மா" என்றார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காலையில் ஓர் எழுத்துப் பிசகாமல் பேசியவள் நான்.

"மறந்துபோச்சுப்பா" என்றேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

அப்பா சிரித்தார். "பரவால்ல. மாகாணத்துக்கு லீவு போட்டுட்டு நானே வந்து கேக்குறேன்."