அரை டேங்கில் வண்டியை நிறுத்தாதவள்

ஆம்புலன்ஸ் ஓட்டிய காலம் முழுவதும் அவள் அரை டேங்கில் வண்டியை நிறுத்தியதே இல்லை. கால் வலிக்கட்டும், கண் சொருகட்டும், பங்க்குக்குப் போய் நிரப்பிவிட்டுத்தான் சாவியை ஆணியில் மாட்டுவாள். அடுத்து வருகிறவன் சாவியைத் திருகினால் வண்டி கிளம்ப வேண்டும். உயிர் ஊசலாடும் நேரத்தில் டீசல் தேடி அலைய முடியுமா? அதில் குற்றம் சொல்ல யாருக்கும் வாய் வராது.

சைரன் அக்கா என்று பெயர். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. இடுப்பு வலிக்கு நடக்கச் சொன்னார்கள் என்று மைதானத்தைச் சுற்றப் போனவள், அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் ரிமோட்டில் குட்டி விமானம் விடுவதைப் பார்த்தாள். நடையை விட்டாள், விமானத்தைப் பிடித்துக்கொண்டாள்.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு என்று விற்கும் தெர்மோகோல் விமானம் அது. கையில் எடுத்தால் எடையே தெரியாது. அதன் பேட்டரி கட்டைவிரல் அளவுதான். பறப்பது ஐந்து நிமிடம், சார்ஜ் ஏறுவது அரை மணிக்கு மேல். ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மீதி நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்குப் பொறுமை கிடையாது. எட்டு பேட்டரி வாங்கினாள். ஒரே நேரத்தில் ஆறு பேட்டரி செருகுகிற சார்ஜரும் வாங்கினாள். ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு உண்டு. ஏறும்போது சிவப்பு, நிறைந்தால் பச்சை.

அதை அவள் முதலில் கொண்டுபோய் வைத்தது புருஷனின் வெட்டு மேசை மேல். புருஷன் தையல்காரர். முன்னறையில்தான் அவருடைய மெஷினும் துணியும்.

"ஏம்மா டிரைவரம்மா, துணிக் குவியலுக்குப் பக்கத்துல கரண்டா? ஊரான் சட்டை எரிஞ்சா நான் எதைப் போட்டுத் திருப்பிக் குடுக்கறது?"

சார்ஜர் சமையலறை மேடைக்குப் போனது. அடியில் ஒரு எவர்சில்வர் தட்டு.

மைதானத்தில் ஒரு சட்டம் இருந்தது. சங்கத்தை நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். புதியவர்கள் விமானம் விடும்போது அவர் பக்கத்தில் இன்னொரு ரிமோட்டோடு நிற்பார். தடுமாறினால் விமானம் அவர் கைக்குப் போய்விடும். அவர் கை படாமல், ஒரே காலையில், சுண்ணாம்புக் கோட்டுக்குள் மூன்று தடவை இறக்கினால்தான் தனியாகப் பறக்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் கூட்டமான தெருக்களில் நோயாளியைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக ஓட்டியவளுக்கு, தோளுக்குப் பக்கத்தில் இன்னொருவர் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது செருப்புக்குள் கல் மாதிரி இருந்தது. தனியாக விட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பரீட்சைக்கு நாள் குறித்தார்கள். அன்று பார்த்து மழை. அடுத்த ஞாயிறும் மழை. வானம் எப்போது வெறிக்கும் என்று யாருக்குத் தெரியும்? சைரன் அக்கா எட்டு பேட்டரியையும் நிறைத்து, பிஸ்கட் டப்பாவில் அடுக்கி, ஃபிரிட்ஜ் மேல் தயாராக வைத்தாள். சும்மா இருக்கையிலேயே கொஞ்சம் இறங்கிவிடுமோ என்று நடுநடுவே எடுத்து மறுபடி பச்சை வரும்வரை செருகினாள். குழந்தைக்குப் பசிக்கிறதோ இல்லையோ, வாயில் ஊட்டிக்கொண்டே இருக்கிற அம்மாக்கள் உண்டே, அந்த மாதிரி.

மழை மாதக்கணக்கில் நீண்டது. பேட்டரிகள் பல்வலிக்காரன் கன்னம் போல உப்பத் தொடங்கின. ஒருநாள் ஒரு பேட்டரி விமானத்தின் வயிற்றுக்குள் நுழையவில்லை. வேறு யாராக இருந்தாலும் பேட்டரியைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். இவள் விமானத்தைச் சந்தேகப்பட்டாள். முன்னறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்து தெர்மோகோலைக் குடைந்து குழியைப் பெரிதாக்கினாள்.

தையல்காரருக்குக் கோபமே வராது. அன்று வந்தது.

"துணி வெட்டற கத்தரிக்கோல் அது! உன் பல்லால கடிச்சு எடுத்திருக்கலாம்ல?"

"பல்லு டாக்டர் திட்டுவாரே."

வானம் வெறித்த ஞாயிறு வந்தது. முதல் பேட்டரியில் விமானம் ஜோராக எழும்பி ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கியது. விசையை முழுசாகத் தள்ளியும் ஏறவில்லை. டாக்டர் பிடுங்கி இறக்கினார். அடுத்த பேட்டரியிலும் அதே கதை. டாக்டர் பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, மெதுவாகக் கீழே வைத்தார்.

"அக்கா, யாரு இதையெல்லாம் ஃபுல்லா சார்ஜ் பண்ணி வச்சது?"

"நான்தான். பின்ன, காலியாவா வைப்பாங்க? நிறைகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"குடம் தளும்பாதுக்கா. இது வீங்கும். வீங்கினது தீப்பிடிச்சாலும் பிடிக்கும். பறக்காத நாள்ல பாதி சார்ஜ்லதான் வைக்கணும். பறக்கற அன்னைக்குக் காலைலதான் நிறைக்கணும்."

"பாதியா?" என்றாள், ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டவள் போல. "அவசரத்துக்கு என்ன பண்றது?"

"இதுல என்னக்கா அவசரம்? யாரை ஏத்திக்கிட்டுப் போகப் போறோம்?"

அவள் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள். தன் பேட்டரியைத் தருகிறேன் என்றார் டாக்டர். வேண்டாம் என்றுவிட்டாள். வீங்கியவற்றை மணல் வாளியில் போட்டு, வாங்கிய கடையிலேயே ஒப்படைத்தாள். புதிதாக நாலு பேட்டரியும், வயிறு குடையாத ஒரு விமானமும் வாங்கினாள். சார்ஜரில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் பாதியோடு நிற்கும் என்று கடைக்காரர் காட்டிக் கொடுத்தார்.

நாலையும் பாதியோடு டப்பாவில் வைத்தாள். அந்த வாரம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டப்பாவைத் திறப்பாள், மூடுவாள். ஒருதடவை சார்ஜர் வரைக்கும் கை போய்விட்டது.

"இதுவும் அரைக் கிணறு தாண்டறதும் ஒண்ணுதான்," என்று புருஷனிடம் முறையிட்டாள்.

அவர் மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "நான் சட்டையை முழுசாத் தைச்சா வைக்கிறேன்? லேசா நூலோட்டி நிறுத்திடுவேன். ஆள் வந்து போட்டுப் பாத்தப்புறம்தான் முடிக்கிறது. முன்னாடியே முடிச்சு வச்சா, அந்த ஆள் தொப்பையோட வந்து நிப்பான்."

"உங்க சட்டையும் என் பேட்டரியும் ஒண்ணா?"

"வீங்கறதுல ஒண்ணுதான்."

அவள் சிரிக்கவில்லை. டப்பாவையும் தொடவில்லை.

ஞாயிறு விடிந்ததும் நாலையும் செருகினாள். ஒன்று பச்சை, இரண்டு பச்சை, மூன்று பச்சை. நாலாவதைச் சரியாகச் செருகவில்லை போல, பாதியிலேயே சிவப்பாக நின்றது; அதற்குள் ஜன்னலில் மேகம் திரண்டுவிட்டது. மூன்று இறக்கத்துக்கு மூன்று போதும் என்று நாலாவதையும் அப்படியே பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

முதல் பேட்டரியில் விமானம் கோட்டுக்குள் பூப்போல இறங்கியது. இரண்டாவதிலும் பழுதில்லை. மூன்றாவதில் மழைக்கு முந்தின காற்று வந்தது. இறக்கப் பார்த்தாள், கோட்டுக்கு வெளியே தள்ளியது, ஏற்றினாள். மறுபடி, மறுபடி. டாக்டரின் விரல் தன் ரிமோட்டுக்குப் போகப் போனது.

"தொட்டீங்க, அவ்வளவுதான்," என்றாள் திரும்பாமலே. பேட்டரி தீருகிற கட்டத்தில் கோட்டைத் தாண்டிப் புல்லில் இறக்கினாள். கை படவில்லை, ஆனால் கணக்கிலும் சேராது.

"பரவால்லக்கா, அடுத்த வாரம் மூணையும் மறுபடி பாத்துக்கலாம்."

பையில் ஒன்று மிச்சம் இருந்தது. பாதி. வாழ்நாளெல்லாம் அவள் வண்டியை எடுக்காத அளவு. கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பாதியில எத்தனை நிமிஷம் போகும்?"

"ரெண்டு. காத்துல அதுவும் சந்தேகம்."

"ஒரு சுத்துக்கு ரெண்டு நிமிஷமே அதிகம்."

செருகினாள். வித்தை காட்டவில்லை, உயரம் போகவில்லை. நேராக எழுந்து, மைதானத்தை ஒரே ஒரு சுற்று. காற்று ஓயும் ஒரு நொடிக்கு அவள் காத்திருக்கவில்லை; காற்றோடு மல்லுக்கட்டியே கோட்டுக்குள் கொண்டுவந்து வைத்தாள். சக்கரம் சுண்ணாம்பைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு நின்றது.

டாக்டர் தன் ரிமோட்டை அணைத்துப் பைக்குள் வைத்தார். "இனிமே இது உங்களுக்கு வேண்டாம்க்கா."

வீட்டுக்குப் போனதும் அந்தப் பொத்தானை அழுத்தி, நாலு பேட்டரியையும் பாதியில் நிறுத்தி டப்பாவில் போட்டாள். அதன் பிறகு ஒருநாளும் அந்த வழக்கத்தை மாற்றவில்லை.

ஆனால் அன்று வீட்டுக்குப் போகிற வழியில், மழை பிடித்துக்கொண்ட பிறகும், பங்க்கில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். பெட்ரோல் முள் பாதிக்கு மேலேயே இருந்தது.

"எவ்வளவு போடணும்?" என்றான் பங்க்காரன்.

"வழியற வரைக்கும்," என்றாள்.